அலைமூக்கு பிடித்த வாயு

செவ்வாய்க் கிரகத்தில் வீட்டுக்கு வீடு ஓர் அலைமூக்கு உண்டு. பல் தேய்க்கும் முன்பே அதன் விளக்கைப் பார்த்துவிட வேண்டும். பச்சை என்றால் நிம்மதியாக மூச்சு விடலாம். மஞ்சள் என்றால் ஏதோ கசிகிறது. மாலைக்குள் காரணம் தெரியாவிட்டால் வீட்டைப் பூட்டிச் சீல் வைத்து, கணவனை ஒரு விடுதிக்கும் மனைவியை இன்னொரு விடுதிக்கும் அனுப்பிவிடுவார்கள்.

அன்று மஞ்சள் எரிந்தது எங்கே தெரியுமா? அலைமூக்கின் கணித மாதிரியை எழுதிய சேந்தனின் வீட்டிலேயே!

விஷயம் ஒன்றும் பெரிய மாயமில்லை. நகத்தளவுப் படிகத்தின் மேற்பரப்பில், காதுக்கு எட்டாத ஒலியலை ஓடிக்கொண்டே இருக்கும். வாயு வந்து படிந்தால் பாரம் கூடி அலையின் வேகம் குறையும். எவ்வளவு குறைந்தால் எந்த வாயு என்று சொல்வது சேந்தனின் மாதிரி. குழாயில் கசியும் வாயுக்களெல்லாம் அதற்கு அத்துப்படி. இது மட்டும் பிடிபடவில்லை.

குழாய்களைச் சோதித்தான், வடிகட்டியை மாற்றினான். ம்ஹூம். மனைவி அமலியை விட்டு விடுதியில் கிடப்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கல்யாணமாகி இன்னும் ஒரு செவ்வாய் வருஷம்கூட ஆகவில்லை.

"ஏங்க, சாப்பிட்டுட்டுத் தேடுங்களேன்" என்று தட்டோடு வந்து அலைமூக்கின் பக்கம் குனிந்தாள் அமலி. திரையில் அலையின் வேகம் சட்டென்று குறைந்தது. அவள் நகர்ந்ததும் கூடியது.

"அமலி, இதுல கொஞ்சம் ஊது."

"என்னங்க இது விளையாட்டு?" என்றபடி ஊதினாள். மஞ்சள் பளிச்சென்று எரிந்தது.

குழாயில் இல்லை, மூச்சில் என்றதும் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அசிட்டோன்! பட்டினி கிடக்கும் உடம்பு தன் கொழுப்பையே கரைத்து மூச்சில் விடுகிற வாயு.

"நீ எப்ப சாப்பிட்டே?"

அவள் தட்டைப் பார்த்தாள். அதில் இருவர் பங்கும் இருந்தது. "ராவும் பகலுமா வேலை பாக்குறீங்க. நீங்க சாப்பிட்டு மிச்சம் இருந்தா சாப்பிடலாம்னு... மிச்சம்தான் இருக்கிறதில்ல."

காற்றில் கோடியில் ஒரு பங்கைக் கண்டுபிடிப்பவனுக்கு, எதிரே நின்றவளின் பசி தெரியாமல் போயிற்றே! அவளை இழுத்து உட்கார வைத்து ஊட்டினான். "அய்யோ, நானே சாப்பிடறேங்க" என்று சிணுங்கினாலும் அவள் வாயைத் திறந்தாள்.

அவள் வயிறு நிறைந்த பிறகுதான் கட்டுப்பாட்டு அறையை அழைத்துக் காரணத்தைச் சொன்னான்.

"அட, பட்டினி மூச்சா?" என்று சிரித்தான் அங்கிருந்த ரஃபீக். "இன்னிக்குக் காலையிலேர்ந்து முக்கால்வாசி வீட்டுல இதே மஞ்சள்தான் அண்ணே. எங்க வீட்டுலயும்தான். அம்மா எப்பவும் கடைசியாத்தானே உட்காருவாங்க! ரொம்ப நன்றிண்ணே, வேலை முடிஞ்சுது. அசிட்டோனைக் கணக்குல எடுக்காதேன்னு எல்லா மூக்குக்கும் உத்தரவு போட்டுடறேன்."

"டேய், வேண்டாண்டா!" என்று சேந்தன் கத்துவதற்குள், குடியிருப்பு முழுக்கப் பச்சை எரிந்தது.