திரும்பி வரும் தேதி

“ரயிலு போய்க்கினே இருக்கசொல்ல பாஸ்போர்ட்டு முடிஞ்சிட்டா... அக்கா எங்க எறங்குவாங்க?”

கேட்டவள் வள்ளி. ஆறு வயது. காட்பாடியிலிருந்து திருப்பதி போகும் பாசஞ்சர் ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து, கையில் தேன்மொழியின் பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

தேன்மொழி சிரித்துவிட்டாள். சித்தூரில் ஏறியதிலிருந்து அந்தச் சிறுமியிடம் அவள்தான் பெருமை பேசிக்கொண்டு வந்தாள். மாம்பழக் கூழை டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில், பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. கூழ் வாங்கும் வியாபாரிகளைப் பார்க்க அக்டோபரில் ராட்டர்டாம், ஆண்ட்வெர்ப், கொலோன் என்று மூன்று நாடுகளில் மூன்று ஊர்களுக்குப் போகப் போகிறாள். மூன்றுக்கும் ரயிலிலேயே போகலாம். ஒரே விசா. நடுவில் யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள்... இதையெல்லாம் சொல்லி, திருமலையில் மலையப்ப சாமியிடம் காட்டி எடுத்துவரலாம் என்று கொண்டுபோன பாஸ்போர்ட்டையும் குழந்தை கையில் கொடுத்திருந்தாள். வள்ளி எழுத்துக் கூட்டுவது போலத் தேதியைக் கூட்டிப் படித்தாள். ரெண்டு... ஒண்ணு... ரெண்டாயிரத்து நாலு. அதற்கப்புறம் அது செல்லாது என்று சொன்னதும்தான் அந்தக் கேள்வி வந்தது.

“சொல்லுங்க மேடம். கொழந்த கேக்குதில்ல” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

வள்ளியின் தாய்மாமன். பெயர் ஹரிபாபு. சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஏசி ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அவனுடைய அக்கா ரூபா மூலையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் உதடு சிரிக்கவில்லை... கண்தான் சிரித்தது. மழைக்கு முன்னால் மலைமேல் விழும் வெளிச்சம் மாதிரி ஒரு கண்.

தேன்மொழிக்குச் சுருக்கென்றது. குழந்தையைப் பார்த்து, ஆனால் அவனுக்குக் கேட்கும்படி, விளக்கினாள். பாஸ்போர்ட்டில் மூன்று மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவள் புறப்படுவது செப்டம்பர் கடைசியில். டிசம்பர் கடைசியோடு மூன்று மாதம். தேதியோ சனவரி இரண்டு வரை இருக்கிறது.

“தாராளம்” என்று சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நிறுத்தினாள்.

ஏனோ, ஒரு கூழ் டின் அவள் கண்முன் வந்து நின்றது. எத்தனை டின்களை அவளே திருப்பி அனுப்பியிருக்கிறாள்... சித்தூரை விட்டுக் கிளம்பும்போது ஆயுள் இருந்தால் போதாது. கடைசிக் கிடங்கை விட்டு வெளியேறும்போதும் மிச்சம் இருக்க வேண்டும் என்பது வியாபாரிகளின் கண்டிப்பு. அப்படியானால் மனுஷிக்கு?

கைப்பையிலிருந்து விசா விதிகள் அச்சிட்ட காகிதத்தை எடுத்தாள். கடைசி நாட்டை விட்டு வெளியேறும் நாளிலிருந்து மூன்று மாதம் என்றுதான் அதில் இருந்தது. அவள் ஏற்கெனவே படித்த வரிதான். ஆனால் புறப்படுகிற சந்தோஷத்தில் புறப்படுகிற நாளையே எண்ணியிருந்தாள். கொலோனை விட்டுக் கிளம்புவது அக்டோபர் இருபது. சனவரி இருபது வரை செல்ல வேண்டிய பாஸ்போர்ட், இரண்டாம் தேதியே முடிந்துவிடும். விசாவே கிடைக்காது.

அவள் முகம் மாறியதைப் பார்த்து அவன் கண்ணிலிருந்த சிரிப்பும் நின்றுபோனது. நாளைக்குத் திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாஸ்போர்ட் முகாம் நடக்கிறது, ஐதராபாத்திலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள், தானும் அதற்குத்தான் போவதாக மெதுவாகச் சொன்னான். அதை விட்டால் அடுத்தது இரண்டு மாதம் கழித்துத்தான்.

“நான் உங்களக் கேக்கல” என்றாள் தேன்மொழி.

திருப்பதியில் இறங்கியபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் நேராக எஸ்டிடி பூத்துக்குப் போய்க் தன் ஊரான குடிபாலாவுக்குப் போன் போட்டாள்.

அவளுடைய நைனா சின்னப்பன் அடுத்தவர் தோப்பில் கூலிக்குக் காய் பறித்தே மகளைப் படிக்க வைத்தவர். டின்னுக்குள் போனதை யார் சாப்பிடுகிறார்கள் என்று அவருக்கு ஆயுசுக்கும் ஒரு சந்தேகம். பார்த்துவிட்டு வந்து சொல்வதாக மகள் வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் போகாவிட்டால் முதலாளியின் அண்ணன் மகன் போவதற்குத் தயாராக இருந்தான். போய் வருகிறவருக்குத்தான் பரிசோதனைக் கூடத்தின் முழுப் பொறுப்பும். ஆகவே, போயே தீர வேண்டும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சின்னப்பன் ரேஷன் கார்டும் சான்றிதழ்களும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று அப்படியே திரும்பிப் போனார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்தை அடைந்தபோது வரிசை தெரு முனை வரை வந்திருந்தது. அதில் பாதிப் பேர் மொட்டை. வந்த இடத்தில் சாமிக்கு முடியும் கொடுத்துவிட்டு, சந்தனம் காயாத தலையோடு நின்றார்கள். உள்ளேயிருந்து ஒருவர் தெலுங்கில் அந்த மொட்டை ஆளை வரச் சொன்னதும் ஏழெட்டுப் பேர் ஒன்றாகக் கிளம்பினார்கள். அந்த நிலைமையிலும் தேன்மொழிக்குச் சிரிப்பு வந்தது.

டோக்கன் முடிந்துவிட்டது என்று காவலர் சொன்னபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

கெஞ்சிப் பார்த்தாள். காத்திருப்பதாகச் சொன்னாள். உள்ளே ஒரு அதிகாரியிடம் பேசிவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் நகரவில்லை. நனைந்துகொண்டு அங்கேயே நின்றாள்... நாள் முழுக்க நிற்கவேண்டி வந்தாலும் சரி என்று.

“இந்தாங்க.”

திரும்பினாள். ஹரிபாபு. ஒரு கையில் வள்ளி, ஒரு கையில் டோக்கன். தலையில் முடி அடர்த்தியாக இருந்தது.

“நீங்க மட்டும் மொட்ட அடிக்கலியா?” என்று அவளையறியாமல் கேட்டுவிட்டாள்.

“பாஸ்போர்ட்டு கைக்கு வந்தப்புறம்தான். மொட்டையோட போட்டோ புடிச்சிட்டு, முடி வளந்தப்புறம் ஏர்போர்ட்டுக்குப் போனா எவன் நம்புவான்?” டோக்கனை நீட்டினான். “புடிங்க. என் ரேஷன் கார்டு வூட்லயே மாட்டிக்கிச்சி. இது சும்மா வீணாப் போவுது.”

தயங்கினாள்... அவன் இமையில் மழைத்துளி ஒன்று விழாமல் நின்றது. அதைப் பார்த்தபடியே கையை நீட்டினாள். விரல் பட்டதா, காகிதம்தான் பட்டதா என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை.

வேலை முடிய மத்தியானம் ஆயிற்று. ரசீதைப் பத்திரப்படுத்திவிட்டு, நன்றி சொல்ல மனம் துடிக்க, இரண்டு டீயும் ஒரு பன்னும் வாங்கிக்கொண்டு வந்தாள். பக்கத்து வராந்தாவில் மாமனும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். வள்ளியின் மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். கண்ணாடி போன்ற அந்தக் கவருக்குள் எல்லாவற்றுக்கும் மேலே ஹரிபாபுவின் ரேஷன் கார்டு.

“இது இன்னா?”

“ரேஷன் கார்டுங்க” என்று தலையைச் சொறிந்தான்.

“வூட்ல இருக்குதுன்னீங்க.”

“அது... பின்னாலயே நடந்து வந்துட்ச்சி போல.”

அவள் சிரிக்கவில்லை. வள்ளி பன்னைக் கடித்துக்கொண்டே, திங்கட்கிழமை மெட்ராஸில் துபாய் கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்கிறார்கள், ரசீது இல்லாமல் மாமா எப்படிப் போகும் என்று ஆரம்பித்தாள். ஹரிபாபு அவசரமாக அவள் வாயைப் பொத்தினான்.

தேன்மொழியின் கண் நிறைந்துவிட்டது. அது கோபமா, வெட்கமா... அவளுக்கே புரியவில்லை. “எங்க நைனாவ ஊரே பாவம் பாத்திருக்குது. பாவம் பாத்து மீந்ததக் குடுப்பாங்க. எனக்கு அது வேணாம்னுதான் படிச்சேன். எனக்குப் பாவம் பாக்கச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னா?”

“பாவம் பாக்கலீங்க.” அவன் குரல் தாழ்ந்தது. “எனக்கு அடுத்த மொறையும் ஆளு எடுப்பாங்க. உங்க தேதி ஓடிக்கினு இருக்குது. அதோட... வள்ளி கேட்டதுக்கு யாராச்சும் பதில் சொல்லணுமில்ல.”

டீயைக் கீழே வைத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தாள். தெரு முனையில் மேகம் சற்று விலகி, ஏழு மலையும் தெரிந்தது. நின்றாள். ஏற முடியாமல் போன மலையைப் பார்த்துக் கை கூப்பினாள். அந்த ஆளுக்கும் சீக்கிரம் பாஸ்போர்ட் வந்துவிட வேண்டும்... வந்துவிட்டால்... மிச்சத்தை மனத்துக்குள் சொன்னாள். அது அவளுக்கும் சாமிக்கும் மட்டும் தெரிந்தது.

பாஸ்போர்ட் வந்தது. விசாவும் வந்தது. தேன்மொழி போனாள்.

ஆண்ட்வெர்ப்பிலிருந்து கொலோனுக்குப் போகும்போது, ஒரு நாடு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்று பார்க்க அவள் கண்ணை மூடவே இல்லை. ஒரு கோடும் இல்லை. ஒரு கதவும் இல்லை. ஒலிபெருக்கியில் பாஷைதான் மாறியது. குடிபாலாவில் கடைப் பலகைகள் தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாறுகிற மாதிரி... அவ்வளவுதான். யாருமே அவளைக் கேட்கவில்லை. ஆனாலும் பைக்குள் இருந்த பாஸ்போர்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தொடும்போதெல்லாம் இமையில் நின்ற அந்த மழைத்துளி நினைவுக்கு வந்தது.

கொலோனில் இறங்கியதும் ஒரு படத் தபால் அட்டை வாங்கினாள். வள்ளி, ஹரிபாபு ஏசி ரிப்பேர் கடை, பஸ் ஸ்டாண்டு பின்புறம், சித்தூர். கீழே இரண்டே வரி எழுதினாள்: ‘அக்கா எங்கேயும் இறங்கவில்லை. அக்காவுக்காக உன் மாமா இறங்கிக்கொண்டார்.’

பதில் சனவரியில் கம்பெனி முகவரிக்கு வந்தது. வள்ளி பள்ளியில் கற்றது தெலுங்கு எழுத்து, பேச்சோ தமிழ். ஆகவே தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதியிருந்தாள். மாமாவுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. சனிக்கிழமை மொட்டை.

பரிசோதனைக் கூடத்தின் புதுப் பொறுப்பாளர் சனிக்கிழமை விடுப்பு எடுத்தாள்.

அதே பாசஞ்சர். சன்னலில் பனி. அவளைக் கண்டதும் ஹரிபாபு எழுந்து நின்றான். பிறகு ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தான். ரூபா வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். வள்ளி ஓடும் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“கோவம் போச்சிங்களா?” என்று கேட்டான்.

“போவல. கூடவே கூட்டினு போனேன், கூடவே கூட்டினு வந்தேன். மூணு நாட்லயும் அதுக்கு எவனும் விசா கேக்கல.”

சிரித்தான். கண்ணாலும், உதட்டாலும். பிறகு சிரிப்பு அடங்கியது. துபாய்க்காரர்கள் மறுபடி வந்ததையும், தன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டதையும், இரண்டு வருட வேலை என்பதையும் சொன்னான். சொல்லிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“போவணும்னுதான் இருந்தேன். இப்ப... போவாம இருக்கறதுக்கு ஒரு காரணம் எதிர்ல வந்து உக்காந்துக்கினு இருக்குது.”

தேன்மொழி தலை நிமிர்ந்தாள். மூன்று நாடுகளில் முகம் தெரியாத வியாபாரிகளிடம் தயங்காமல் பேசிய வாய், இப்போது தயங்கியது. ஆனால் சொல்லாமல் இறங்குவதில்லை என்று முடிவு செய்துதான் ஏறியிருந்தாள்.

“போங்க. ஆனா போற தேதிய எண்ணாதீங்க. நான் பண்ண தப்பு அதான். வர தேதிய சொல்லுங்க... அதுலேந்துதான் கணக்கு.”

“வந்தப்புறம்...” அவன் கையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். “மூணு மாசம் மிச்சம் இருந்தாப் போதுங்களா?”

“பத்தாது. எனக்கு முடியற தேதியே இருக்கக் கூடாது.” வெளியே பார்த்துக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது. “நைனா கிட்ட நானே பேசறேன்.”

வள்ளி திரும்பி இருவரையும் பார்த்தாள். ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். இந்த முறை என்ன நினைத்தாளோ, மறுபடி மரம் எண்ணப் போய்விட்டாள்.

மலைமேல் கூட்டம் அலைமோதியது. ஹரிபாபு முடி கொடுக்கும் வரிசையில் போய் நின்றதும், கற்பூரம் வாங்கி வருவதாக ரூபாவிடம் சொல்லிவிட்டு, தேன்மொழி கூட்டத்தில் கலந்தாள். கடைப் பக்கம் போகவில்லை. முடி எடுக்கும் இடமான கல்யாணகட்டாவின் இன்னொரு கோடியில் பெண்கள் வரிசை இருந்தது. முறை வந்ததும் உட்கார்ந்து, பின்னலை அவிழ்த்து, மூன்று கத்தரி போதும் என்றாள். பூமுடி. கத்தரித்தவர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அது அன்றைய ஆயிரத்தில் ஒன்று.

யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. மழையில் நின்று வேண்டிக்கொண்டதை அவளும் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று கற்றையும் மற்ற முடியோடு சேர்ந்து எது யாருடையது என்று தெரியாமல் போனதும், கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றாள்.

பிறகு, குறைந்தது தெரியாதபடி பின்னலை இறுக்கிப் போட்டுக்கொண்டு, கற்பூரம் வாங்கப் போனாள்.