காப்பு கட்டிய ஞாயிறு

“பொட்டி... பொட்டி... பொட்டி!”

மோதியவன் கத்தியது இப்படித்தான். மன்னிப்பும் கேட்கவில்லை, அடிபட்டதா என்றும் கேட்கவில்லை. கவிநிலா ஒரு பக்கம் சரிய, அவள் இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்த கம்ப்யூட்டர் பெட்டி இன்னொரு பக்கம் சரிய, பாய்ந்து வந்தவன் பிடித்தது பெட்டியை! அவள் திருவண்ணாமலை தேரடித் தெருவின் மழைத் தண்ணீரில் பாவாடை சட்டைச் சிறுமி மாதிரி சப்பென்று உட்கார்ந்திருந்தாள்.

சித்திரை மாதத்துக் கோடை மழை அது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து, மலையையே மறைத்து, கடைக்காரர்களை எல்லாம் அல்லாட வைத்த மழை. அவனும் வாசலில் கிடந்த அட்டைப் பெட்டிகளை உள்ளே எடுக்கத்தான் ஓடி வந்திருக்கிறான்.

“ஏங்க... ஆளு விழுந்து கெடக்கறேன், பொட்டியப் புடிக்கிறீங்களே!”

“நீங்க விழுந்தா எழுந்துக்குவீங்க... இது விழுந்தா எழுந்துக்காதுங்க.”

என்ன திமிர்! நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று நிமிர்ந்தவள், அவன் கண்களைப் பார்த்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. பேச்சில் இருந்த துடுக்கு அந்தக் கண்களில் துளியும் இல்லை. கண்ணாடி டம்ளரைக் கைதவறிப் போட்டுவிட்டு அம்மாவைப் பார்க்கும் பிள்ளையின் கண்கள்... இமையில் மழைத் துளி வேறு. கேட்க வந்ததை விட்டுவிட்டு எழுந்துகொண்டாள்.

அவன் பெயர் வளவன். தசரதன் என்பவரின் கம்ப்யூட்டர் கடையில் பழுது பார்ப்பவன். கவிநிலாவுக்கு வேங்கிக்காலில் வீட்டின் முன்னறையே ஸ்டூடியோ. பெரியப்பா மகன் சடையன்தான் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று ஊர் ஊராகப் போய் வீடியோ எடுத்து வருவான். அவள் அதை மிக்ஸிங் செய்வாள். மாப்பிள்ளையும் பெண்ணும் தாமரைப் பூவுக்குள்ளிருந்து எழுந்து வருவார்களே, அந்த மாயமெல்லாம் அவள் கைவேலை. ஆனால் இப்போதெல்லாம் தாமரை பாதி விரிந்ததும் பெட்டி மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. அதற்குத்தான் கிராபிக்ஸ் கார்டு.

அவன் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தான்.

“கார்டு போட்டுடலாங்க. ஆனா இதோட எஸ்.எம்.பி.எஸ். இருக்கு பாருங்க... கரண்டு குடுக்கற டப்பா... அதோட சக்தி கம்மி. சும்மா எழுத, பாட்டு கேக்க ஓடும். மிக்ஸிங்னு ஜாஸ்தி வேலை வச்சீங்கன்னா படுத்துக்கும்.”

“அப்ப அதையும் மாத்திடுங்க.”

“கடையில இருக்கறது எதுவும் இதுக்கு ஆவாதுங்க. கம்பெனிக்காரன் ரெடிமேடா கட்டிக் குடுத்த பொட்டி. பிளக்கு பாக்க ஒண்ணாத்தான் இருக்கும், பொருந்தவும் பொருந்தும்... உள்ள ஒயர் வரிசை வேற. மெட்ராஸ்ல சொல்லித்தான் வரவழைக்கணும்.”

“பிளக்கு பொருந்துமாம், ஆனா ஆவாதாம். இப்படித்தான் எல்லார்கிட்டயும் கதை விடுவீங்களா?”

“எல்லார்கிட்டயும் விடமாட்டேன்... நான் தண்ணில தள்ளி விட்டவங்ககிட்ட மட்டுந்தான்.”

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். வெளியே மழை விடாதா என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இது விட்டுத் தொலைக்கக் கூடாதே என்று அவள் மட்டும் நினைத்துக்கொண்டாள்.

பேச்சு வளர்ந்தது. எதிர்ச் சுவரில் மழையில் நனைந்து தொங்கிய போஸ்டர் ஒன்றை அவள்தான் காட்டினாள். ஏதோ ஒரு கிராமத்துத் திரௌபதியம்மன் கோயில் திருவிழா, தெருக்கூத்து.

“இந்தக் கூத்து டேப்பு வந்தாலே எனக்குச் சிரிப்புத் தாங்காதுங்க. மூஞ்சில சாயத்தப் பூசிக்கிட்டு, தோள்ல கட்டையக் கட்டிக்கிட்டு, அய்யோ... நான் ஓட்டி ஓட்டித்தான் விடுவேன். முழுசா ஒண்ணு கூடப் பாத்ததில்ல.”

அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் ஒரு கணம் நின்றது. அவள் அதைக் கவனிக்கவில்லை. பின்னாளில் எத்தனையோ முறை நினைத்து நினைத்து நொந்துகொண்ட கணம் அதுதான்.

“நீங்க எந்த ஊரு?” என்று கேட்டாள்.

“கீழ்பென்னாத்தூர் பக்கம்” என்றான், தலை நிமிராமல். பிறகு கார்டை மாட்டி மூடியை முடுக்கிக்கொண்டே, “ஞாயித்துக்கெழம நானே உங்க வூட்டுக்கு வந்து புது எஸ்.எம்.பி.எஸ். மாட்டித் தரேன். அது வரைக்கும் மிக்ஸிங் மட்டும் வேணாங்க” என்றான்.

“கண்டிப்பா வருவீங்களா?”

“வருவேங்க.”

ஞாயிற்றுக்கிழமை கவிநிலா தலைக்குக் குளித்து, மல்லிகை வைத்து, முன்னறையை இரண்டு முறை பெருக்கினாள். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிறவனுக்கு எதற்கடி மல்லிகை என்று கண்ணாடி கேட்டது. ஆட்டோச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போனாள். மத்தியானம் போய், சாயங்காலம் போய், மல்லிகையும் வாடிப்போயிற்று.

அவன் வரவில்லை. திங்கட்கிழமை கடைக்குப் போன் போட்டால், லீவு என்றார்கள். செவ்வாயும் லீவு. எப்போது வருவான் என்று கேட்டால், சொல்லவில்லையே என்றார்கள்.

கோபம் வந்தால் அவளுக்குக் கண்மண் தெரியாது. வராதவனுக்காகப் பூ வைத்துக் காத்திருந்த வெட்கம்தான் அந்தக் கோபத்துக்குத் தீனி. கல்யாண வீட்டார் வேறு கேசட் எங்கே, சி.டி. எங்கே என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். ‘இவன் இல்லன்னா என் வேலை நடக்காதா?’ வேறொரு கடையில் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். ஒன்று வாங்கி வந்தாள். தானே கழற்றினாள், தானே மாட்டினாள். பிளக் அச்சாகப் பொருந்தியது. பெரிய ஒயர் வரிசையாம்... பொய்யன்!

சுவிட்சைப் போட்டாள். ‘டப்’ என்று ஒரு சத்தம். மெல்லிய புகை. கருகல் நாற்றம்... அவ்வளவுதான். தாமரைப் பூ, மாப்பிள்ளை, பெண் எல்லாம் போயிற்று.

அடுத்து அவள் செய்ததைச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கிறது. புதிதாக வாங்கியதைக் கழற்றி ஒளித்துவிட்டு, பழையதையே திரும்ப மாட்டினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே தசரதன் கடைக்குப் போனாள். கடை நிறைய ஆட்கள்.

“உங்காளு போட்ட கார்டு என் போர்டையே எரிச்சிடுச்சு! வரேன்னு சொன்னவரு வரவும் இல்ல. தொழில் தெரியாத ஆளை, வாக்கு தவறுற ஆளை எதுக்குங்க வேலைக்கு வச்சிருக்கீங்க?”

தசரதன் பயந்த மனிதர். பத்துப் பேர் பார்க்கக் கடைப் பெயர் கெடுகிறதே என்று பதறிப்போனார். “போர்டு நான் மாத்தித் தரேம்மா. அவன் வரட்டும், அவனை என்ன பண்றேன் பாரு” என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவளுக்கு வெற்றிதான். ஆனால் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

சில வாரம் கழித்துப் பெட்டி ஆட்டோவில் வந்து இறங்கியது. புது போர்டு, மெட்ராஸிலிருந்து வந்த சரியான எஸ்.எம்.பி.எஸ்., எல்லாம் கச்சிதம். தாமரை ஒரு திக்கல் இல்லாமல் விரிந்தது. தேங்கிக் கிடந்த டேப்புகளை ஒவ்வொன்றாக முடித்தாள். கடைசியில் சடையன் எடுத்த திரௌபதியம்மன் திருவிழா டேப். வழக்கம்போல் ஓட்டி விட்டுக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தினாள்.

அர்ச்சுனன் தபசு. பனை உயரத்துக்கு நட்ட கம்பத்தின் அடியில், ஏறுவதற்குத் தயாராக அர்ச்சுனன் நிற்கிறான். முகம் முழுக்க நீலச் சாயம். ஆனால் அந்தக் கண்கள்... டம்ளரை உடைத்த பிள்ளையின் கண்கள்! கும்பிட்ட கையில் மஞ்சள் கயிறு. காப்பு!

அவன் கேமரா பக்கம் திரும்பிப் பேசினான். மேளச் சத்தத்துக்கு நடுவே குரல் தெளிவாகவே விழுந்தது.

“அண்ணே, நீங்க வேங்கிக்கால் ஸ்டூடியோ தானே? மிக்ஸிங் பண்ற மேடத்துக்கிட்ட சொல்லிடுங்கண்ணே. ஏற வேண்டிய எங்கண்ணனுக்குக் கால் பெரண்டுடுச்சு... திடீர்னு எனக்குக் காப்பு கட்டிட்டாங்க. தீமிதி முடியற வரைக்கும் ஊரு எல்லையத் தாண்டக் கூடாது. காப்பு அவுத்த மறுநாளே வந்துடறேன்னு சொல்லுங்க.”

“சொல்றேன், சொல்றேன். நீ மொதல்ல ஏறு தம்பி” என்றது சடையன் குரல். சொல்ல மறந்தே போன சடையன்!

அவன் ஏறினான். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. உச்சியில் நின்று எலுமிச்சம்பழமும் பூவும் இறைத்தான். கீழே பெண்கள் முந்தானை ஏந்தி நின்றார்கள். முதல் தடவையாக ஒரு கூத்து டேப்பை அவள் ஓட்டாமல் பார்த்தாள், கண்ணீர் மறைத்த கண்களோடு.

மறுநாள் காலை கடைக்கு ஓடினாள். “அவனா? பெங்களூருக்குப் போயிட்டாம்மா” என்றார் தசரதன். “நல்லாத் திட்டி விட்டேன். வாயே தொறக்கல. உன் பொட்டிய மட்டும் ராவும் பகலுமா உக்காந்து சரி பண்ணிக் குடுத்துட்டு, கணக்கு முடிச்சுக்கறேன்னு கெளம்பிட்டான்.”

ஊருக்குப் போய் விசாரித்திருக்கலாம். கீழ்பென்னாத்தூர் என்ன கடல் கடந்தா இருக்கிறது? ஆனால் எந்த முகத்தோடு போவது? ஆடி முடியட்டும், தீபம் முடியட்டும், தை பிறக்கட்டும்... வெட்கம் ஒவ்வொரு மாதமும் ஒரு சாக்குச் சொன்னது. ஒரு வருஷம் ஓடியே போயிற்று.

மறுபடியும் சித்திரை. சடையனுக்கு அதே திருவிழாவுக்கு அழைப்பு வந்தது. இந்த வருஷமும் வளவன்தான் கம்பம் ஏறுகிறான் என்று அவன் சொன்னதும், “நானும் வரேண்ணே” என்றாள். காப்பு கட்டியவன் எல்லை தாண்டமாட்டான். அங்கேதான் இருந்தாக வேண்டும்!

இருந்தான். தபசு முடிந்து இறங்கி வந்து, சாயம் கலைத்து, கிணற்றடியில் முகம் துடைத்துக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் துண்டைக் கீழே விட்டான்.

“மேடம்... நீங்களா?”

எத்தனை நாள் ஒத்திகை பார்த்த பேச்சு! சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் உளறினாள். சடையன் ராத்திரிக் கூத்தையும் எடுக்கத் தங்கிவிட்டான். “ரோடு வரைக்கும் வரேங்க” என்று வளவன் கூட நடந்தான். வேர்க்கடலைக் கொல்லை ஓரமாக மண் பாதை. தூறல் ஆரம்பித்திருந்தது.

“நான் பொய் சொன்னேங்க” என்றாள் திடுமென்று. “வேற எஸ்.எம்.பி.எஸ். வாங்கி நாந்தான் மாட்டினேன். நாந்தான் எரிச்சேன். பழியை உங்க மேல போட்டுட்டேன்.”

“தெரியுங்க.”

“தெரியுமா?”

“பிளக்குல கருகின எடத்தப் பாத்ததுமே தெரிஞ்சிது.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா தசரதண்ணன் உங்களப் பத்துப் பேருகிட்ட பேசுவாரு. என்னைப் பேசினா பரவால்லன்னு விட்டுட்டேன்.”

அவள் நின்று அவனைப் பார்த்தாள். “ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? காப்பு கட்டிட்டாங்கன்னு ஒரு வார்த்தை...”

“என்னன்னு சொல்றது? மூஞ்சில சாயம் பூசிக்கினு கம்பம் ஏறப் போறேன்னா? நீங்க சிரிச்சது காதுலயே இருந்துச்சுங்க. நானே சொல்ல வெக்கப்பட்டுத்தான் வீடியோ அண்ணன்கிட்ட சொல்லி விட்டேன்.”

“இப்ப சிரிக்கல...” என்றாள். “அந்த டேப்பை எத்தன தடவ பாத்திருப்பேன், தெரியுமா? எனக்கு உங்கள... உங்கள ரொம்பப் பிடிக்கும். அன்னிக்கு மழையிலயே பிடிச்சுது. இதைச் சொல்றதுக்கு எனக்கு ஒரு வருஷம்...”

அவன் கையிலிருந்த மஞ்சள் கயிற்றைத் திருகினான்.

“வர்ற ஆவணியில எனக்குக் கல்யாணங்க. மாமா பொண்ணு. வெத்தல பாக்கு மாத்தியாச்சு.”

“...உங்களுக்குப் பிடிச்சிருக்கா?”

“எல்லாருக்கும் புடிச்சிருக்கு” என்றான். கொஞ்சம் பொறுத்து, “கல்யாண வீடியோ வேற ஸ்டூடியோவுல சொல்லிக்கறேங்க. அந்த டேப்பு உங்க கைக்கு வர வேணாம்” என்றான்.

ஊர் எல்லைக் கல் வந்தது. மஞ்சள் பூசி, வேப்பிலை சுற்றிய கல். அதற்கு அப்பால் தார் ரோடு. அவன் கல்லோடு நின்றுவிட்டான். அவள் தாண்டிப் போய் ரோட்டோரம் நின்றாள். தூரத்தில் திருவண்ணாமலை பஸ்ஸின் விளக்கு தெரிந்தது.

“கவிநிலா...”

முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பினாள்.

“அந்த ஞாயித்துக்கெழம நான் வந்தேங்க.”

“எங்க?”

“இங்கதான். இந்தக் கல்லு வரைக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பையில போட்டுக்கினு காலையிலயே வந்துட்டேன். பஸ்ஸு வரும்... நிக்கும்... போவும். ஒரு எட்டு வச்சா ஏறிடலாம். கையில கயிறு. பொழுது சாயற வரைக்கும் நின்னுக்கினே இருந்தேன். நீங்க காத்துக்கினு இருப்பீங்கன்னு மனசு அடிச்சிக்கிச்சு. அவ்ளோ புடிச்சிருந்துச்சுங்க உங்கள.”

பஸ் வந்து நின்றது. நடத்துநர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, “ஏறும்மா, ஏறும்மா” என்றார். ஏறினாள்.

ஜன்னல் வழியே பார்த்தாள். அவன் கால் விரல்கள் கல்லைத் தொட்டபடி, ஒரு அங்குலம் கூடத் தாண்டாமல், நனைந்துகொண்டு நின்றான். பஸ் நகர்ந்தது.

அவனை நிறுத்தியது காப்பு. கவிநிலா மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். வளையல்தான் இருந்தது. ‘எனக்கு யாரும் காப்பு கட்டலையே... நான் வந்திருக்கலாமே!’