காலி அறையின் சத்தம்

பழைய வீடு ஒன்றின் மாடியில்தான் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம். தன் வாழ்க்கையை எழுதிய புத்தகத்தைத் தானே வாசித்துப் பதிய, காலையில் எழுத்தாளர் அம்மா வந்தார். வழக்கப்படி அவரை வெளியே உட்காரவைத்து, காலி அறையின் அமைதியைக் கொஞ்ச நேரம் பதிந்துகொண்டேன். பிற்பாடு வெட்டுகிற இடங்களுக்கு அதைத்தான் ஒட்டுப் போடுவோம்.

கணீரென்று வாசித்தார். நடுவில் ஓர் அத்தியாயத்தில் குரல் செத்துப்போனது. ஏழு வயதில் மாமா தன்னைச் சாமான் அறையில் பூட்டிவைத்ததை, யாரோ ஒரு பெண்ணுக்கு நடந்ததுபோல ஒப்பித்தார்.

போட்டுக் கேட்டோம்.

அந்த அத்தியாயம் முழுக்க ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

நான் மறுபடி ஓடவிட்டேன்; அதே குரல். எழுத்தாளர் என் கையைப் பிடித்தார். "இத்தனை வருஷமா அவளை நான் பேசவே விடல," என்றார். "இதை மட்டும் அழிச்சிடாதீங்க. இதுவும் போச்சுன்னா எனக்குப் பேச்சே இல்ல."

மதியம் அந்த மாமாவே வந்து நின்றார். கசங்காத சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. "குடும்ப மானத்தைக் கடைல வெச்சு விக்கறியாம்மா? அடங்கணும்னு உள்ள வெச்சேன். அது ஒரு குத்தமா?"

எழுத்தாளர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

நான் தடுப்பதற்குள் அந்த ஆள் கையை நீட்டி, கணினியில் திறந்திருந்த அந்த அத்தியாயத்தை அழித்துவிட்டார். வயதுக்கு மரியாதை கொடுத்து உள்ளே விட்டுத் தொலைத்தேனே என்று பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த இடத்தை நிரப்புப்பா," என்று அதிகாரம் வேறு.

காலி அறையின் அமைதியை எடுத்து ஒட்டினேன். ஆத்திரத்தில் சத்தத்தை முழுக்கக் கூட்டி ஓடவிட்டேன்.

முதலில் வெறும் இரைச்சல்.

பிறகு மூச்சு.

பழைய சாக்கும் மூத்திரமும் கலந்த நாற்றம் அறைக்குள் ஏறியது.

அந்த ஆள் ஓடிப்போய்க் கதவை இழுத்தார். திறக்கவில்லை. அதற்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. இரண்டு கையாலும் அறைந்தார். "யாருடா வெளிய? திற."

ஒலிபெருக்கியில் அந்தச் சின்னக் குரல் பேசியது. சொல்லை இழுத்தது மட்டும் அப்படியே மாமா மாதிரி.

"சத்தம் போடாத. சத்தம் போட்டா ராத்திரி முழுக்க உள்ளதான்."

அந்த ஆள் கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைந்தது. எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

"நிறுத்தாதீங்க," என்றார் எழுத்தாளர். அவர் குரல் திரும்பியிருந்தது. "ஓடட்டும்."

நான் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தேன். குரல்தான் நிற்கவில்லை.