மேற்குப் பக்கக் கறை

பதினோரு ஆண்டுகளாக ஏரிக் காவல் அலுவலகத்தில் எழுத்துப்பிழை பார்க்கும் பிழைக்கணி செண்பகவல்லியின் ஆணைகளுக்கு நூற்றுக்கு நூறுதான் போட்டு வந்தது. கரையில் வேலை செய்யும் ஏவலிகளுக்குக் காது கிடையாது. பேச்சில் ரகரமும் றகரமும் குழைந்துவிடுவதால், எழுத்தில் கொடுத்ததை மட்டுமே அந்த இரும்பு உடம்புகள் செய்யும். ஓர் எழுத்து பிசகினால் வேலையே பிசகும். அதனால் ஆணையெழுத்தர்களுக்கு ஊரில் தனி மரியாதை.

தலைமை எழுத்தர் பதவி நேற்று ரோஸ்லினுக்குப் போய்விட்டது. அவள் சேர்ந்து இரண்டே ஆண்டுகள். நாற்பது மதிப்பெண் எடுத்தாலே அதிசயம்.

"நீங்க 'மதகை அடை'ன்னு எழுதினீங்க. பிழையே இல்லம்மா," என்றார் பொறியாளர் தணிகைவேல். "ஆனா ஏவலி மதக மூடல, மதகுகிட்ட போய் நின்னுடுச்சு. ரோஸ்லின் எதுக்காகச் செய்யணும்னும் சேர்த்து எழுதுது. அது எழுதினா ஏவலி ஒரு தடவகூட தப்பு பண்ணல."

மதியம் எல்லோரும் ரோஸ்லினைச் சுற்றி நின்று இனிப்பு தின்றார்கள். செண்பகவல்லி தன் பங்கை மேசையிலேயே வைத்துவிட்டாள். ஒற்றுப் போடத் தெரியாதவளுக்கு இத்தனை கொண்டாட்டமா?

ரோஸ்லின் கை கழுவப் போனாள். அவள் திரையில் அனுப்பாத ஆணை ஒன்று கிடந்தது.

'மேற்கு பக்க கறையை அகற்று. சுவற்றை பிடித்து இறங்கும் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள்.'

செண்பகவல்லி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஏவலி நாலு கூடை மண்ணை வெட்டட்டும், அதற்குள் கரையில் நிற்கும் காவலாள் நிறுத்திவிடுவான், ரோஸ்லினின் மானம் போகும். விரல்கள் விசைப்பலகையில் ஓடின. தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

ரோஸ்லின் திரும்பி வந்தாள். படித்துப் பார்க்காமலே அனுப்பினாள்.

சன்னலுக்கு வெளியே ஏவலியின் மண்வாரி கரைக்கு மேலே உயர்ந்தது. காவலாளைக் காணோம். கரைக்குக் கீழே ஆயிரம் வீடுகள். செண்பகவல்லி நிறுத்தச் சொல்லிக் கத்த எழுந்தாள்.

மண்வாரி அந்தரத்தில் நின்றது. சுவர்த்திரையில் ஏவலியின் கேள்வி வந்தது: 'கரையை அகற்றினால் பிள்ளைகள் வழுக்கி விழ மாட்டார்கள், மூழ்கிப்போவார்கள். கறை என்று எழுத நினைத்தீர்களா?'

ரோஸ்லின் முகம் வெளுத்துவிட்டது. தன் ஆணையை எழுத்தெழுத்தாகப் படித்தாள். வெகுநேரம் படித்தாள். பிறகு ஒரே ஓர் எழுத்தை மாற்றி அனுப்பினாள்.

மணி அடித்தது. பிழைக்கணி அவள் பெயருக்கு நேரே முதன்முறையாக நூற்றுக்கு நூறு காட்டியது. அலுவலகமே கைதட்டியது. செண்பகவல்லியும் தட்டினாள், உள்ளங்கை எரிந்தது.

ரோஸ்லின் எழுந்து வந்து அவள் மேசையருகே குனிந்தாள்.

"சுவற்றைன்னுதான் நான் எப்பவும் எழுதுவேன். ஒற்றும் விட்டுடுவேன். நாலு பிழையத் திருத்திட்டு, அஞ்சாவதா ஒண்ண ஏன்க்கா வெச்சீங்க?"