ஒற்றைக்கால் பேண்ட்

"உனக்கு நீச்சல் கத்துக்குடுத்தவடி நான்! என்னையே கொலைகாரிங்கிறியா, பிராங்கா?"

"மெதுவா பேசுங்க டீச்சர். இது ஆஸ்பத்திரி."

போலீஸ் சார்ஜென்ட் பிராங்காவின் கையில் நோட்டு. கட்டிலில் நோலீன் டீச்சரின் புருஷன் மெர்வின், தலையில் கட்டோடு, கண்ணை மூடியிருந்தார்.

தூக்கமில்லை. வெட்கம்...

சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் பாதுகாப்பு அதிகாரி. சுறா கடித்துச் சாவது எத்தனை லட்சத்தில் ஒன்று, இடி விழுந்து சாவது எத்தனையில் ஒன்று என்று கல்யாண வீட்டில்கூடக் கணக்குச் சொல்வார்.

இன்று காலை கொல்லையில், துணிக்கம்பிக்குக் கீழே மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு தேங்காய்.

அது மரத்திலிருந்து தலையில் விழுந்ததாக ஆம்புலன்ஸில் சொல்லிவிட்டார்.

"மரத்துல காயே இல்ல டீச்சர். யார் தலையிலயாவது விழும்னு இவர்தான் கவுன்சிலுக்குப் பதினோரு கடுதாசி போட்டாரு. வியாழக்கிழமை இவர் கிளப்புல இருந்தப்ப, கவுன்சில்ல காய் வெட்டற டாரெல் வந்து எல்லாக் காயையும் வெட்டி எடுத்துட்டாரு. இவர் அண்ணாந்தே பார்க்கல போல."

"அதுக்கு?"

"அப்ப யாரோ எறிஞ்சிருக்காங்க. வீட்ல நீங்க ரெண்டே பேர். ஸ்டேஷனுக்கு வாங்க."

நோலீன் கைப்பையை எடுத்தாள்.

மெர்வின் கண்ணைத் திறந்தார்.

"அவளை விடும்மா... நானேதான் விழுந்தேன்."

"எப்படி?"

"பேண்ட் போடறப்ப."

கட்டு மாற்ற வந்த நர்ஸ் அப்படியே நின்றாள்.

"புல்தரையில பந்து உருட்டற ஆட்டத்துக்கு வெள்ளை முழுப்பேண்ட் போடணும்ல... நேரமாச்சு. கம்பியிலேர்ந்து உருவி, அங்கேயே நின்னு..."

"ஒத்தக் கால்லயா?"

"ம்."

"போன மாசம் கிளப்புல பேசினது நீங்கதானே? 'சுறாவை விட பேண்ட்தான் ஆபத்து, உக்காந்து போடுங்க'ன்னு?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நடைகூடத்தில் சிரிப்பு வெடித்தது. சாயங்காலத்துக்குள் கரும்பு ரயில் ஓட்டுகிறவன் வரைக்கும் போய்விடும்.

மெர்வின் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

பிராங்கா உதட்டைக் கடித்தபடி நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

"நோலீன்... அந்தத் தேங்காய் எப்படி வந்துச்சு? முழிச்சப்ப பக்கத்துல கிடந்துச்சு. பழியை அதுமேல போட்டுட்டேன்."

"டாரெல் குடுத்தார்."

"யாரு?"

"வெட்டினதுல ஒண்ணை எனக்குன்னு வெச்சுட்டுப் போனார். காலையில படியில நின்னு எறிஞ்சேன்."

"என் மேலயா?"

"ரொட்டி சுட்டுட்டு இருந்தேன். ரொட்டி சுடற மிஷினால வருஷத்துக்கு எத்தனை பேர் சாவுறாங்கன்னு கொல்லையிலேர்ந்தே ஆரம்பிச்சியே... நீ பேண்ட்டால விழல, மெர்வ். நல்லாத்தான் நின்னுட்டிருந்தே."

உண்மையைச் சொன்னால் மானம் திரும்பும். நோலீன் ஜெயிலுக்குப் போவாள்.

மெர்வின் பேண்ட் கதையோடே இருந்துவிட்டார்.

குளிர்காலம் முடியுமுன் நோலீன் கெயின்ஸ் நகரத்துக்குக் குடிபோனாள். விவாகரத்து கைக்கு வந்த மாதமே டாரெலைக் கட்டிக்கொண்டாள். மெர்வின் அதே ஊரில்தான் இருக்கிறார். கிளப்புக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர் எழுந்து நாற்காலியைத் தள்ளிக் கொடுக்கிறார்... பேண்ட் போட!

இருபதடி தூரத்தில் ஒற்றைக்காலில் குதிக்கிறவர் தலையை முதல் எறியிலேயே அடிப்பது எத்தனை லட்சத்தில் ஒன்று? அந்தக் கணக்கை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை.