குருவி வீட்டில் மூன்றாவது குரல்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் போகவிடத் தெரியவில்லை. தட்டில் சோறு விழுந்தால் படம், பிள்ளை தடுக்கி விழுந்தால் படம். சாவு வீட்டில் பெட்டியை மூடப் போனால், மூடுகிறவன் கையை நீட்ட இடமில்லாமல் நாலு பக்கமும் போன். முடிந்தது முடிந்துவிட்டது என்று விட்டால் யாருக்கு என்ன நட்டம்? நல்லசாமிக்கு இது விளங்கவே இல்லை. ஆனால் அவரேதான் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் புக்கிட் பெலிம்பிங்கில் டெஸ்மண்ட் வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்து, மடியில் கிதாரை வைத்துக்கொண்டு, ஒரு மைக்குக்கும் ஒரு போனுக்கும் முன்னால் உட்கார்ந்து பாடினார். கேட்டால், "அது வேற லா" என்பார்.

இந்தச் சனிக்கிழமை முதலில் தப்பாகப் பட்டது ஒரு மூச்சு. போன வாரம் பதிந்த பாட்டை டெஸ்மண்ட் போட்டுக் காட்டினார். பாட்டு முடிந்து, கடைசிக் கம்பியின் அதிர்வும் அடங்கின பிறகு, யாரோ மெதுவாக மூச்சு விட்டார்கள்.

"இது யாரு?" என்றார் நல்லசாமி.

"யாரு? நீதான்."

"நான் மூக்கால விடுற ஆளு. இது வாயால விடுற மூச்சு. பொம்பள மூச்சு."

டெஸ்மண்ட் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லசாமிக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு பேரும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். டெஸ்மண்ட் கணக்கெழுதுகிற கிராணி வீட்டுப் பிள்ளை, இங்கிலீஷ் படித்தவர். நல்லசாமி கூலிக்காரர் லயத்துப் பிள்ளை, எண்ணெய்க்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியை ஓட்டி ஓட்டியே முதுகு தேய்ந்தவர். வெள்ளைக்காரன் ராக் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார். அர்த்தம் கேட்க மாட்டார், யாராவது சொன்னாலும் நம்ப மாட்டார். வாலிபத்தில் இவர்கள் இரண்டு பேரும், டெஸ்மண்ட் கட்டிக்கொண்ட பியாட்ரிஸும் சேர்ந்து கல்யாண விருந்துகளில் அந்தப் பாட்டுகளைப் பாடினார்கள். அந்நாளில் கரண்ட் கிதார், தொண்டை கிழிகிற சத்தம். இப்போது முட்டியும் போய்விட்டது, தொண்டையும் போய்விட்டது. அதனால் அதே பாட்டுகளை வெறும் மரக் கிதாரில் மெதுவாகப் பாடி, பதிந்து, இன்டர்நெட்டில் போடுகிற வேலையை டெஸ்மண்ட் ஆரம்பித்தார். ஆரம்பித்தது போன வருஷம், பியாட்ரிஸ் சர்க்கரை வியாதியில் போய்ச் சேர்ந்த பிறகு.

ஆனால் இன்றைக்கு நல்லசாமி பாட வரவில்லை. டெஸ்மண்டைக் கையோடு கூட்டிக்கொண்டு போக வந்திருந்தார். மனுஷன் வாரத்துக்கு வாரம் வற்றிக்கொண்டே வந்தார். கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஜெராமுக்கு மீன் சாப்பிட வா என்றால், "இன்னொரு நாளைக்கு" என்றார். கழுத்துக்கும் சட்டைக் காலருக்கும் நடுவில் ஒரு கை நுழையும். சுங்கை பெசாரில் நல்லசாமியின் மகள் புஷ்பா ஒரு அறையைக் காலி செய்து, மெத்தைக்கு உறைகூடப் போட்டு வைத்திருந்தாள். கூட வளர்ந்தவன், கூட ஓடினவன், கூடப் பாடினவன் என்று நல்லசாமிக்கு மிச்சமிருந்தது இந்த ஒரே ஆள். இவனையும் அந்த வீட்டில் விட்டுவிட்டால் அடுத்த முறை பெட்டிக்குத்தான் வரவேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

வீட்டைச் சொல்ல வேண்டும். அது குருவி வீடு. கீழே டெஸ்மண்ட் குடியிருந்தார். மேல்மாடியை அவர் மகன் ஜாரெட் வாலிட் குருவிக்காக மாற்றியிருந்தான். ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்து, கூரைக்குக் கீழே ஒரே ஒரு ஓட்டை. உள்ளே இருட்டு, ஈரம், உத்தரம் உத்தரமாகப் பலகை. ஸ்பீக்கரில் பதிந்து வைத்த குருவிச் சத்தம் பொழுதெல்லாம் கிரீச் கிரீச்சென்று ஓடும். வானத்தில் போகிற குருவி அதைக் கேட்டு, நம் இனம் உள்ளே இருக்கிறது என்று நம்பி இறங்கும். இறங்கினது தன் எச்சிலை இழை இழையாக இழுத்துச் சுவரில் ஒட்டிக் கூடு கட்டும். அந்தக் கூட்டைச் சீனத் தவுக்கே, வியாபாரி, சூப்புக்கு வாங்கிக்கொண்டு போவான். ஜாரெட் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். குருவி இருந்தது. அதன் எச்ச நெடி மச்சுப் பலகை வழியாக இறங்கி, டெஸ்மண்டின் சோற்றிலும் சட்டையிலும் கிதார்ப் பெட்டியிலும் ஊறிப்போயிருந்தது.

இன்றைக்கு அந்தக் கிரீச் இல்லை. வந்து இறங்கும்போதே நல்லசாமிக்குக் காதில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது, இப்போதுதான் காரணம் பிடிபட்டது. அவர் வாசலுக்குப் போய் மேலே பார்த்தார். சூரியன் செம்பனைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டுக்குத் திரும்புகிற நேரம். கரும்புகை மாதிரி குருவிகள் வீட்டுக்கு மேலே சுற்றின, ஓட்டைக்குக் கிட்டே வரைக்கும் வந்தன, வந்து சடாரென்று திரும்பின. ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

"குருவி ஏன்டா உள்ள போகல?"

"சத்தத்த மாத்திட்டேன் மச்சான்."

"என்ன சத்தம்?"

டெஸ்மண்ட் கிதாரின் காதைத் திருகிக்கொண்டே, சந்தையில் மீன் விலை சொல்கிற மாதிரி சொன்னார். "குருவிக்குக் குருவி சத்தம் போட்டா குருவி வருது. நான் அவ சத்தத்தப் போட்டேன்."

பியாட்ரிஸ் பாடின பழைய கேசட் ஒன்று இருந்தது. அதை மெஷினில் ஏற்றி, மேலே இரவும் பகலும் ஓடவிட்டிருக்கிறார். அது மட்டும் இல்லை. "நம்ம பாட்டையும் போடுறேன். சனிக்கிழம பதியறது அத்தனையும். அவளுக்குப் பழகணும்ல? நீ வர்ற நேரத்துக்கு மட்டும் குருவி சத்தத்தப் போட்டு வெச்சிருந்தேன்."

"உனக்குப் பைத்தியம் முத்திப் போச்சு."

"வந்துட்டாடா, நல்லசாமி."

"எவ வந்தா? ஜெராம் பசார்ல எறங்கி பஸ் புடிச்சி வந்தாளா?"

டெஸ்மண்ட் கோபப்படவில்லை. "ஒரே ஒரு பாட்டு. மெஷின நிறுத்திட்டேன், பாரு, லைட்டு எரியல. பாடுவோம். அவ சேந்துக்குவா. அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன்."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்."

நல்லசாமிக்கு ஆண்டவன் மேலும் நம்பிக்கை குறைச்சல், டெஸ்மண்ட் மேலும் நம்பிக்கை குறைச்சல். ஆனாலும் ஒரு பாட்டுக்கு ஒரு மனுஷன் என்றால் கசக்குமா? மெஷினுக்குக் கிட்டே போய், ஒயரைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கல்யாணங்களில் கடைசியாகப் பாடுகிற பாட்டு அது. டெஸ்மண்ட் முதல் அடியை எடுத்தார். நல்லசாமி கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டார். வெளியே வெளிச்சம் மஞ்சளாகி, பழுப்பாகி, தரையோடு தரையாகப் படிந்தது. மின்விசிறி எச்ச நெடியைச் சுற்றிச் சுற்றி மூஞ்சியில் அடித்தது. முதல் அடி முடிந்தது. பல்லவிக்குத் திரும்பும் இடத்தில், தலைக்கு மேலே, பலகைக்கு அந்தப் பக்கம், நகத்தால் மெதுவாகச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம் நகர்ந்து வந்து, சரியாக அவர்கள் நாற்காலிக்கு மேலே நின்றது.

பிறகு அது பாடியது.

பியாட்ரிஸின் குரல்தான். சந்தேகமே இல்லை. கொஞ்சம் மூக்கடைப்பு, கடைசிச் சொல்லை இழுக்கிற இழுப்பு. நல்லசாமியின் முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. விரல் தானாகக் கம்பியில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது அடி. நடுவில் அந்தக் குரல் சிரித்தது. சின்னச் சிரிப்பு. சிரித்துவிட்டு மேலே பாடியது.

நல்லசாமி கையை நிறுத்தினார். டெஸ்மண்டும் நிறுத்தினார். மேலே அது நிறுத்தவில்லை, அடியை முழுசாகப் பாடி முடித்துவிட்டுத்தான் அடங்கியது.

"கேட்டியா?" டெஸ்மண்டின் கண் நிறைந்திருந்தது. "நம்பினியா இப்ப?"

"கேட்டேன். எதுக்குச் சிரிச்சுது?"

"என்னடா கேள்வி?"

"கேசட்டுல அதே எடத்துலதான் சிரிப்பா. நான் தாளத்த விட்டேன்னு சிரிச்சா, எனக்கு ஞாபகம் இருக்கு. இன்னிக்கு நான் விடலயே. அப்புறம் எதுக்குச் சிரிச்சுது?" நல்லசாமி எழுந்தார். "பியாட்ரிஸ் ஒரு பாட்ட ரெண்டு தடவ ஒரே மாதிரி பாடினதே கெடையாது. நீயே அதுக்குச் சண்ட போட்டிருக்க. இது பாட்டுக்காரி இல்ல. கேட்டதத் திருப்பிச் சொல்ற என்னமோ. இன்னொரு ஸ்பீக்கர எங்கயோ ஒளிச்சி வெச்சிருக்க நீ."

அவர் போன் விளக்கைப் போட்டுக்கொண்டு படியேறினார். ஸ்பீக்கரைக் கண்டுபிடித்து, பிடுங்கிக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டால் பேச்சு முடிந்தது. அதுதான் நினைப்பு. படி உச்சியில் குனிந்து நுழைகிற இரும்புக் கதவு. தாழ்ப்பாள் ஈரமாக இருந்தது. கதவைத் தள்ளினார்.

நெடி முகத்தில் அறைந்தது. குருவி எச்சம் மட்டும் இல்லை. விடியற்காலையில் திறந்த வாயின் நாற்றம்.

விளக்கை உத்தரத்தில் ஓட்டினார். பழைய குருவிக் கூடுகள் அரைக் கிண்ணம் மாதிரி வரிசையாக, காய்ந்து, காலியாக. ஒரு குருவி இல்லை. விளக்கை மூலைக்குத் திருப்பினார்.

அங்கேயும் ஒரு கூடு.

அதே அரைக் கிண்ணம். அதே வெள்ளை இழை. ஆனால் ஒரு ஆள் காலை மடக்கி உட்காரலாம், அவ்வளவு பெரிது. ஈரமாகப் பளபளத்தது. உள்பக்கம் அழுந்திக் குழிந்திருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, பாதி கட்டியது. விளிம்பிலிருந்து இழை சொட்டிக்கொண்டிருந்தது. விளக்கு அதையும் தாண்டிப் போனது.

தாண்டிப் போன இடத்தில் ஏதோ நகர்ந்தது.

அவர் பார்க்கவில்லை. திரும்பினார். இறங்கினார். எத்தனை படி, எப்படி இறங்கினார், தெரியாது.

கீழே படியை மறித்துக்கொண்டு டெஸ்மண்ட் நின்றார்.

"பாத்தியா? எனக்கும் எடம் ஆயிட்டிருக்கு."

"வாடா. வா போலாம்." நல்லசாமி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். வெறும் எலும்பு. "சத்தியம் பண்ணியிருக்க. புஷ்பா அறை போட்டு வெச்சிருக்கா. வாடா டேய்."

"இன்னும் கொஞ்சந்தான் பாக்கி. முடிச்சிட்டு வர்றேன்."

"என்னத்த முடிக்கப் போற?"

"ரெண்டாவதக் கட்றது நான்தான், மச்சான்." டெஸ்மண்ட் வெட்கப்படுகிற மாதிரி குனிந்துகொண்டார். "வயசாயிடுச்சில்ல. மெதுவாத்தான் ஊறுது."

அப்போதுதான் நல்லசாமி அவர் வாயைக் கிட்டத்தில் பார்த்தார். இரண்டு ஓரத்திலும் வெள்ளையாகக் காய்ந்த இழை. தாடையில் இழை. காலருக்குள் இழை.

பிடி தளர்ந்தது. ஒரு நொடிதான். அந்த நொடியில் டெஸ்மண்ட் வழுக்கிக்கொண்டு மேலே போனார். கிழவன் ஏறுகிற ஏற்றமே இல்லை அது. கைகால் நாலும் படியில் பட்டன. இரும்புக் கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள்.

நல்லசாமி ஏறினார். குத்தினார். தோளால் இடித்தார்.

"டேய் டெஸ்மண்ட்! கதவத் தெற!"

காலால் உதைத்தார்.

"கதவத் தெறடா!"

மூச்சு வாங்க நின்றார். கதவுக்கு அந்தப் பக்கம், இரும்பை ஒட்டி, யாரோ சொன்னார்கள்:

"டேய் டெஸ்மண்ட். கதவத் தெற."

அவர் குரல். லோரிக்காரத் தொண்டை. அவரே சொன்ன சொல். அவர் வாய் மூடியிருந்தது.

கீழே வந்தார். மெயின் சுவிட்சை இறக்கினார். வீடு இருண்டது. மின்விசிறி தள்ளாடி நின்றது. மேலே பாட்டு ஆரம்பித்தது. பியாட்ரிஸ். அடுத்து டெஸ்மண்ட். பல்லவி திரும்பும் இடத்தில், கீழ்க்குரலில், நல்லசாமி.

தப்பே இல்லாமல் பாடினார்கள்.

மோட்டார் அந்த ஓட்டைக்கு நேர்கீழே நின்றது. அதை விட்டுவிட்டு நடந்தார். செம்பனை நடுவே மண்சாலை. மேலே குருவிகள் இன்னும் இறங்க இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. பெரிய சாலைக்குப் போனால் பக்கத்துக் கம்பத்து ஊராட்களைக் கூப்பிடலாம். கடப்பாரை கொண்டுவரலாம். கதவை உடைக்கலாம். அவனைக் கட்டித் தூக்கிக்கொண்டு வரலாம்.

"பேட்டரி," என்றார் சத்தமாக. "பேட்டரியில ஓடுது. பதிஞ்சி வெச்சதுதான். வேற என்ன?"

பாட்டு பின்னாலேயே வந்தது. திரும்பவில்லை. நம்பவும் இல்லை. செத்தவள் வந்தாள் என்று எவன் சொன்னாலும் நம்பப் போவதில்லை. தன் குரல் தன்னை விட்டு வேறு இடத்தில் பாடுகிறது என்று அவரே சொன்னாலும் நம்பப் போவதில்லை.

வாயில் எச்சில் ஊறியிருந்தது. பயத்தில் காயத்தானே வேண்டும். துப்பினார். மறுபடி ஊறியது. நாக்கு மறைய ஊறியது. துப்பினார்.

விழவில்லை. உதட்டிலிருந்து ஒரு வெள்ளை இழை தரை வரைக்கும் தொங்கியது. புறங்கையால் துடைத்தார். அறவில்லை. அப்படியே நடந்தார். அது அவருக்குப் பின்னால், வந்த வழியிலேயே, மண்ணில் நீண்டுகொண்டு போனது.