லேண்ட் ரோவரில் ஓர் இடம்

"அப்பா, அந்த அக்காவ மட்டும் ஏன் ஏத்தல?"

பிலோமினா இதைக் கேட்டபோது அந்த வண்டி இன்னும் அவர்களுடையதாகவில்லை. ஓட்டிப் பார்ப்பதற்காக எடுத்து வந்திருந்தார்கள். அட்டனிலிருந்து வட்டவளைக்கு இறங்கும் பாதை. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் அடி தெரியாத பள்ளம். நேரம் நடுப்பகல்தான். ஆனாலும் பனி இறங்கி, பாதையோரத்துச் சவுக்கு மரங்களை இடுப்புக்கு மேலே விழுங்கியிருந்தது.

லியனார்ட் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் வெறும் பாதை.

"எந்த அக்கா?"

"அந்த வளைவுல கைப்பிள்ளையோட நின்னாங்களே. கையக் காட்டிக்கிட்டு பின்னாலயே ஓடியாந்தாங்க. நீங்கதான் நிப்பாட்டல."

பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சோலைமலை அதுவரை வாய் மூடாமல் பேசிக்கொண்டு வந்தான். அட்டனில் பழைய வண்டிகளை வாங்கி விற்பவன். பிள்ளையின் கேள்வி காதில் விழுந்ததும் அவன் பேச்சு அறுந்தது. பிறகு சிரித்தான்.

"பனிக்குள்ள மரமெல்லாம் மனுசன் மாதிரித்தான் பாப்பா தெரியும்."

"மரம் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுமா?" என்றாள் பிலோ.

லியனார்ட் கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கர். முந்தின வருடம் பிலோவுக்குக் காய்ச்சல் வந்து வலிப்புக் கண்டபோது அவர் மனைவி பெற்றீசியா மடு மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிழைத்தால் குடும்பத்தோடு வந்து மெழுகுதிரி ஏற்றுவதாக. பிள்ளை பிழைத்தது. 1962ஆம் ஆண்டு ஆடித் திருவிழா நெருங்கிவிட்டது. மடுக் கோயிலுக்குப் போகும் காட்டுப்பாதை குழியும் மணலுமாக இருக்கும். அப்படியே திருக்கோணமலைக்கும் போய்ப் பிலோவுக்குக் கடலைக் காட்ட வேண்டும். நாலு சில்லும் இழுக்கிற வண்டியாக இருந்தால்தான் சரிப்படும் என்று பழைய வண்டி பார்க்க வந்திருந்தார்கள்.

சோலைமலை முதலில் காட்டியது யுத்த காலத்துப் பட்டாளத்து ஜீப். பக்கங்களில் மறைப்பே இல்லை. பெற்றீசியா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுல ஏறுனா மாதாகிட்ட போக மாட்டோம், நேரா மோட்சத்துக்குத்தான் போவோம்" என்றாள்.

"அப்போ இதப் பாருங்கம்மா" என்று அவன் காட்டியதுதான் இந்த லேண்ட் ரோவர். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. மேலே தார்ப்பாய்க் கூரை. பின்னால் இறக்கி ஏற்றும் பலகை, அதற்கு மேல் ஒரு தார்ப்பாய்த் திரை. "இந்தச் சின்னக் கம்பிய இழுத்தீங்கன்னா நாலு சில்லும் ஒண்ணாப் புடிச்சு இழுக்கும். சேத்துல மாட்டுன யானையக்கூட இழுத்துடலாம்யா."

லியனார்ட் தரையில் படுத்து அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். துரு இல்லை. சில்லுகளுக்கு மேலே வண்டியைத் தாங்கும் வில்லுப்பட்டைகள் உறுதியாக இருந்தன. பின் பலகையின் கீலில் மட்டும் ஒரு துணி சிக்கிக் கிடந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் முரட்டுச் சாக்குத் துணி. தோட்டத்தில் அதைப் படங்கு என்பார்கள். அதன் கிழிந்த ஒரு நீளம்.

ஓட்டிப் பார்த்துத் திரும்பியதும் சோலைமலை அந்தத் துணியைப் பிடித்து இழுத்தான்.

"கந்தலுக்கு வந்த வாழ்வப் பாருங்க, துரை வண்டியில..."

பலகை விழவில்லை. அறைந்தது.

அவன் கை கீலுக்கும் பலகைக்கும் நடுவில் இருந்தது. பச்சை விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. அவன் அலறி முடிப்பதற்குள் பலகை தானாக நிமிர்ந்து மறுபடியும் அறைந்தது. இரத்தம் பிலோவின் வெள்ளைச் சப்பாத்து வரை தெறித்தது. மூன்றாம் முறை நிமிர்ந்தபோது லியனார்ட் தோளைக் கொடுத்துத் தாங்கி, அவனை வெளியே இழுத்தார். இரண்டு விரல்கள் தோலில் தொங்கின.

ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டியிலேயே கொண்டுபோனார்கள். ஏற்றத்தில் இருமிய வண்டி இப்போது ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது. ஆஸ்பத்திரி வாசலில் அவர் பிரேக்கை மிதிக்கும் முன்பே மெல்ல நின்றது.

லியனார்ட் நல்ல மனிதர். நல்ல மனிதர்களும் தங்களுக்குத் தேவையானதையே அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். "அடிபட்டவனுக்காக இப்படி ஓடுன வண்டி, நம்ம பிள்ளைக்கும் ஓடும்" என்றார். அதையே வாங்கினார்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு தொல்லைகள். ஒன்று, வாடை. கழுவக் கழுவ வண்டிக்குள் பச்சைக் கொழுந்தும் புளித்த தாய்ப்பாலும் கலந்த வாடை வீசியது. மற்றொன்று, பின் திரை. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் காலையில் அவிழ்ந்து தொங்கும். கடைசியில் கீலில் கிடந்த அந்தப் படங்குத் துண்டையே எடுத்து, கயிறாகத் திரித்து, திரையைக் கட்டினார்.

"அது யாரோ ஒரு பொம்பளையோடதுங்க" என்றாள் பெற்றீசியா. "யாருதுன்னு கேட்டுக் குடுத்திருக்கணும்."

"கந்தல்தானே பெற்றீசியா. தோட்டத்துல எத்தன பேருக்குப் படங்கு கிழியுது."

"கட்டாதீங்கப்பா" என்றாள் பிலோ. "அப்புறம் அந்த அக்கா எப்படி ஏறுவாங்க?"

அவர் சிரித்துக்கொண்டே முடிச்சை இறுக்கினார்.

சாமியார் தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரித்தார். பெட்டி, அரிசி, சட்டி பானை எல்லாம் ஏற்றி, காலை வெயில் வந்ததும் மடுவுக்குப் புறப்பட்டார்கள். அட்டன் வரைக்கும் பிலோ மாதா பாட்டுப் பாடினாள். வட்டவளைப் பாதையில் இறங்கியதும் வெயில் மறைந்தது. அந்த வளைவு வந்ததும் பிலோ பாட்டை நிறுத்தினாள்.

வண்டியும் நின்றது.

லியனார்ட் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். பனியில் தேயிலைச் செடிகள் கூட அசையவில்லை. எங்கோ கானில், தேயிலைக்கு நடுவே வெட்டிய வடிகாலில், தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே இன்னொன்று.

ஒரு குழந்தையின் முனகல்.

அது பின் திரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. அவர் சுற்றிப் போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. படங்கு முடிச்சு நனைந்து கறுத்திருந்தது. அதைத் தொட்டார்.

முடிச்சு சூடாக இருந்தது.

அது அவிழவில்லை. அசைந்தது. ஒரு நுனி அவர் மணிக்கட்டைச் சுற்றியது. அவர் உதறினார். அது இறுகியது. காதுக்கு அருகே, மூச்சு வாங்க, ஒரு பெண்ணின் குரல்.

"ஏத்திக்கங்க சாமி."

வண்டி உறுமிக் கிளம்பியது.

முதல் இழுப்பிலேயே அவர் தோள் மூட்டு கழன்றது. முழங்கால்கள் கப்பிக்கல்லில் மோதின. காற்சட்டை கிழிந்தது, பிறகு தோல், பிறகு அவருக்கு எதுவென்று தெரியவில்லை. முகம் ஒருமுறை தரையில் உரசி வாயெல்லாம் மண்ணும் இரத்தமுமானது. எழ முயன்றார், பின் பலகை நிமிர்ந்து மார்பில் அறைந்து மறுபடி கீழே தள்ளியது. உள்ளே பெற்றீசியா "யேசுவே! யேசுவே!" என்று கத்திக்கொண்டு பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தாள். அது கல் மாதிரி இருந்தது. இறக்கத்தின் அடியில் சின்னப் பாலம். பாலத்துக்குக் கீழே பள்ளம்.

"பிலோ... குதிச்சிரு!" என்று அலறினார் லியனார்ட்.

பிலோ குதிக்கவில்லை. சீட்டின் முதுகில் ஏறி, சட்டி பானைகளுக்கு மேலாகத் தவழ்ந்து பின்னால் வந்தாள். திரையின் ஓரம் வழியாகச் சின்ன விரல்கள் வெளியே நீண்டன. அவர் எவ்வளவு உதறியும் இளகாத முடிச்சு அந்த விரல்களுக்கு அவிழ்ந்து கொடுத்தது.

"வாங்கக்கா" என்றாள் பிலோ. தன் கம்பளியை ஒதுக்கிப் பெஞ்சில் இடம் பண்ணினாள். "பாப்பாவ இங்கன கிடத்துங்க."

பின் வில்லுப்பட்டைகள், யாரோ ஏறினாற்போல, ஒரு விரற்கடை தாழ்ந்தன.

வண்டி நின்றது. முன் சில்லு ஒன்று பாலத்துக்கு வெளியே வெறுங்காற்றில் சுழன்றுகொண்டிருந்தது.

மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். முதலில் வந்தவள் வேலாயி. லியனார்டின் மணிக்கட்டில் சதைக்குள் பதிந்து கிடந்த படங்கைக் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் அறுத்தெடுத்தாள். எடுத்தவள் அதைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், துணியைக் கானுக்குள் எறிந்தாள்.

"இந்த வண்டிய எங்கய்யா வாங்கினீங்க?"

அவர் தலையைத் தன் மடியில் வைத்து, வாயிலிருந்த மண்ணை விரலால் எடுத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"பூரணின்னு எங்க லயத்துல, பக்கத்து வீட்டுப் புள்ள. கைப்பிள்ளைக்கு மூச்சிழுப்பு. நாங்க பிள்ளைகள விட்டுட்டு வேலைக்கு வர்ற பிள்ளைக்காம்பராவுல பாத்துக்கிட்ட ஆயா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன்னு சொல்லிட்டாங்க. இந்த வளைவுல நின்னு துரை வண்டிய மறிச்சா. துரை ஏத்தல. ஓடிப் போயி பின் பலகையப் புடிச்சா. இடுப்புல கட்டுன படங்கு கீலுல மாட்டிக்கிச்சி. நாங்க மேல நின்னு கத்துறோம், அந்த மனுசன் திரும்பிக்கூடப் பாக்கல. நாங்க கூச்சல் போட்டு ஏசுறோம்னு நெனச்சிக்கிட்டாராம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பாலம் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போச்சிய்யா. முகமே இல்ல. பிள்ளை கானுக்குள்ள விழுந்து கெடந்துச்சி. தவறி விழுந்துட்டான்னு எழுதி முடிச்சிட்டாங்க. அவ கேட்டது ஒரு எடந்தான்யா. ஒரே ஒரு எடம்."

காயம் ஆற வெகுநாள் ஆயிற்று. மடுவுக்கு அந்த வருடம் ரயிலில் போனார்கள்; லியனார்ட் ஊன்றுகோலோடு. வண்டியை எரித்துவிடச் சொன்னார்கள் பலர். பள்ளத்தில் உருட்டிவிடச் சொன்னார்கள். அவர் இரண்டையும் செய்யவில்லை. தன்னைக் கொல்லும் கோபத்தோடு வந்தவள், ஒரு பிள்ளை நகர்ந்து கொடுத்த இடத்துக்காக, தன் மகளை உயிரோடு திருப்பித் தந்துவிட்டாள் என்பது மட்டும் அவர் நெஞ்சில் கிடந்தது. அதற்கு அவர் இன்னும் பதில் செய்யவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, விடிந்தும் விடியாத நேரத்தில் தனியாக வண்டியை எடுத்தார். வட்டவளைப் பாதையில் அந்த வளைவில் நிறுத்தினார். பாதையில் ஈ காக்கைகூட இல்லை. பின் பலகையை இறக்கினார். பெஞ்சில் ஒரு புதுக் கம்பளியை விரித்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏறிக்கம்மா" என்றார். "ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்."

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு, பச்சைக் கொழுந்தின் வாடை.

வில்லுப்பட்டைகள் மெல்லத் தாழ்ந்தன.

குழிகளில் இறங்காமல், வளைவுகளில் குலுக்காமல் ஓட்டினார். வழியெல்லாம் பின்னால் குழந்தையின் மூச்சிழுப்புக் கேட்டது. அவர் ஒருமுறைகூடக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பால் கொடுக்கும் ஒருத்தி பின்னால் இருக்கும்போது பார்க்கக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, பலகையை இறக்கிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

வண்டி நிமிர்ந்தது. மூச்சிழுப்பு வாசல் பக்கம் நகர்ந்து, மெலிந்து, நின்றது. எங்கிருந்தோ ஒரு குழந்தை, பசி ஆறிய குழந்தை, கொட்டாவி விடுகிற சத்தம்.

கம்பளி சூடாக இருந்தது. அவர் அதை மடித்து, வாசல் பெஞ்சில் குளிரில் சுருண்டு கிடந்த ஒரு நோயாளியின் மேல் போர்த்திவிட்டு, அவன் விழிக்கும் முன் வந்துவிட்டார். எவரிடமும் சொல்லவில்லை, பெற்றீசியாவிடம்கூட.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது நல்ல மழை. பின் திரையைக் கட்ட மறந்து வந்தது நினைவுக்கு வந்து, சுற்றிப் போய்ப் பார்த்தார்.

திரை கட்டியிருந்தது.

கானில் வேலாயி எறிந்த அதே படங்குத் துண்டு. இரத்தக் கறை இல்லாமல், வெளுத்துக் காய்ந்திருந்தது. கொழுந்துக்காரப் பெண்கள் இடுப்பில் போடும் அதே முடிச்சு. உள்ளே உட்காரப் போகும் பிள்ளை மேல் சாரல் படாதபடி, ஓரமெல்லாம் இழுத்து, பொறுமையாகப் போட்ட முடிச்சு.